பினாங்கு கடலோரம்: நிழலையும் நீரையும் பார்த்து நாலு நாள் நடை

முதல் நாள், வியாழன்

பினாங்குத் தீவின் பழைய ஊரான ஜார்ஜ்டவுனுக்குப் பாலம் வழியாக வராதீர்கள், படகில் வாருங்கள். பாலத்தில் வந்தால் நெடுஞ்சாலை, அடுக்குமாடி, பேரங்காடி எல்லாம் கடந்து கடைசியில்தான் பழைய ஊர் வரும். படகில் வந்தால் பழைய ஊர்தான் முதலில் வரும். கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த். நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் கட்டடம் வழியாகப் படகுத்துறை வரை நடந்தே போய்விடலாம். 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதுப் படகுகளும் கார் ஏற்றுவதில்லை. ஆளும் இருசக்கர வண்டியும்தான். ஆளுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும், சில்லறை தேடி நிற்க வேண்டியதில்லை. கடலைக் கடக்க 10 முதல் 15 நிமிடம். ஏறியதும் முன்பக்கம் போய் நின்றுகொண்டால் தீவின் மலையும் அதன் அடியில் ஓட்டுக்கூரைகளும் மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்க்கலாம்.

நடைக்கு முன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பினாங்கில் கடிகாரம் 12 அடிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஊரோ தீபகற்பத்தின் மேற்குப் பக்கம், கிழக்கு நெடுவரை 100 பாகையில் இருக்கிறது. அதனால் உண்மையான நண்பகல் இங்கே 1.15, 1.20ஐ ஒட்டித்தான் வரும். விடிவதும் 7 மணிக்கு மேல், இருட்டுவதும் 7.30 வாக்கில். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் 11 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவசரப்படுவதும், 3 மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம்பிக் கிளம்புவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான். காலையில் 11.30 வரை தாராளமாக நடக்கலாம். மதியம் 1லிருந்து 4.30 வரை கூரைக்குக் கீழே இருங்கள். 5 மணிக்கு மறுபடி இறங்கினால் இரண்டரை மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும்.

படகை விட்டு இறங்கும் இடம் பெங்காலான் வெல்ட். சாலையைக் கடந்து ஊருக்குள் போகும் சந்துகளின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். காட் லெபோ சூலியா, காட் லெபோ பசார், காட் லெபோ சைனா. லெபோ என்றால் தெரு. இந்த ‘காட்’ வேறொன்றும் இல்லை, இந்தியாவின் ‘காட்’தான், படித்துறை. இன்று கடலோரத்திலிருந்து ஒரு வரிசைக் கட்டடம் உள்ளே தள்ளி நிற்கும் லெபோ பந்தாய், பேருக்கேற்றபடி ஒரு காலத்தில் கடற்கரைத் தெருவாகவே இருந்தது. 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து வெல்ட் துறையை எழுப்பினார்கள். படித்துறைகள் நிலத்துக்குள் மாட்டிக்கொண்டன, பெயர் மட்டும் நின்றது. ஆகவே ‘காட்’ என்ற பலகை கண்ட இடமெல்லாம் நீங்கள் நிற்பது பழைய கடலின் மேல். இது தெரிந்துவிட்டால் இந்த ஊரில் வழி தவறுவது கடினம். லெபோ பந்தாய் பழைய கரை, அதற்குக் கிழக்கே தூர்த்த நிலம், மேற்கே பழைய ஊர்.

துறையிலிருந்து தெற்கே திரும்பி 10 நிமிடம் நடந்தால் சீனர்களின் மரக்குடியிருப்புகள். லிம், சியூ, தான், லீ, கலப்புக் குலம், இயோ என்று வரிசையாக வரும். கலப்புக் குல மேடை தவிர, ஒவ்வொரு மேடையிலும் ஒரே குலப்பெயர்க்காரர்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய படகோட்டிகளும் கூலிகளும் தண்ணீரின் மேல் கால் நட்டுக் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. நிலத்தில் இல்லாததால் நிலவரியும் இல்லை. தெற்குக் கோடியில் இருந்த இரண்டு மேடைகளை 2006ல் இடித்துவிட்டார்கள். 2008ல் ஊர் உலக மரபுச் சின்னம் ஆனது, மிச்சம் பிழைத்தது.

இங்கே எப்போது வருவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, கடல்தான் சொல்லும். பினாங்கில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறேகால் மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நடு நாள்களில் இரண்டும் மந்தம். கைப்பேசியில் பினாங்குக்கான கடலேற்ற அட்டவணையைப் பார்த்து, ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். பலகைக்கு அடியில் நீர் வந்து தட்டும், காற்றும் குளிர்ச்சியாக இருக்கும். வற்றத்தில் போனால் சேறும் சேற்றின் நாற்றமும்தான். பலர் ஐந்து நிமிடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவது இதனால்தான்.

ஆனாலும் ஒரு முறை வற்றத்திலும் பார்த்துவிட வேண்டும் என்பேன். வீடுகள் எப்படி நிற்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். ஓரமாகக் குனிந்து கீழே பாருங்கள். பழைய மரத்தூண் ஒன்று, இடுப்பளவு உயரம் வரை சிப்பியும் பாசியும் அப்பிக் கறுத்து, நீர் ஏறி இறங்கும் அந்த இடத்தில் மட்டும் இளைத்துப்போயிருக்கும். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி அவ்வளவு கெடாது, எப்போதும் மேலே இருப்பதும் கெடாது. நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி நிற்கும் இடைப்பகுதிதான் உளுத்துப்போகும். அதனால் மாற்றுத்தூணாகக் குழாய்க்கூட்டுக்குள் சிமெண்டுக் கலவை ஊற்றி நிறுத்துகிறார்கள். ஒரே வீட்டின் கீழே மூன்று தலைமுறைத் தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். தூண்களுக்கிடையே சேற்றில் சின்ன நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்க்கும். உங்கள் நிழல் விழுந்தால் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விடும், அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் திரும்ப வரும்.

சியூ மேடைதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். முகப்பில் நினைவுப்பொருள் கடைகள். அமைதி வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் தான் மேடைக்குப் போங்கள். குறுகலான பலகைப் பாதை கடலுக்குள் நீளமாகப் போகும். கைப்பிடி எல்லா இடத்திலும் இருக்காது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியதுதான். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம், பலகை இடுக்கில் மாட்டும். மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரம் பலகை வழுக்கும். கோடியில் நின்றால் தெற்கே 1985ல் திறந்த பினாங்குப் பாலம் தெரியும், நேர் எதிரே பட்டர்வொர்த். இங்கே சூரியன் உதிப்பதைத்தான் பார்க்கலாம், மறைவது முதுகுப்பக்கம் ஊருக்குப் பின்னால். ‘கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்’ என்று யாராவது இங்கே அனுப்பினால் நம்பாதீர்கள்.

இவை வீடுகள். கதவு திறந்திருந்தால் அது காற்றுக்காக, உங்களுக்காக இல்லை. உள்ளே எட்டிப் படம் எடுக்காதீர்கள், இரவு 9க்கு மேல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி

விடியற்காலை 5 மணிக்குக் காற்று எழுந்தது, அடுத்து மழை. சுமத்ராக் காற்று என்பார்கள் இதை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி இரவில் கிளம்பி விடியலில் வந்து அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். குடையை விரித்தால் மடங்கிப் போகும், காத்திருப்பதே வழி. மழைக்குப் பிந்திய காலைதான் இந்தக் கடலோரத்தின் மிகச் சிறந்த நேரம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நடையைக் கடிகாரக் கோபுரத்தில் தொடங்கலாம். விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 1897ல் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கொடுத்த நன்கொடை, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம், கட்டி முடிந்தது 1902ல். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப்போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் அதிர்வு. அதற்கு எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஜூலையில் இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது இது நிபோங் பனைமரத்தால் அடைத்த வேலிதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் கட்டினார்கள், கட்டிய கைகள் கைதிகளின் கைகள். இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள் இந்த ஊரின் சாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் உழைத்தவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போக நுழைவுக்கட்டணம் உண்டு. மதில்மேல் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி இருக்கிறது, 1603ல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கை மாறி 1871ல் ஆங்கிலேயரிடம் வந்தது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் இதன் வாயில் பூ வைத்த வழக்கம் இருந்தது. வடகிழக்கு மூலையில் 1882ல் நிறுத்திய இரும்புச் சட்டகக் கலங்கரை விளக்கம். கோட்டைக்குள் மர நிழல் குறைவு. 10 மணிக்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள்.

கோட்டையை ஒட்டி மேற்கே பாடாங் கோத்தா லாமா. ஒரு பக்கம் பச்சைத் திடல், அதன் எல்லையில் 1880ன் நகர மண்டபமும், வெள்ளை வெளேரென்று 1903ன் மாநகர மண்டபமும். மறுபக்கம் கடற்சுவர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நடந்தால்கூடக் கால் மணி நேரத்துக்குமேல் ஆகாது. ஆனால் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுவர் ஓரம் உட்கார இடம் உண்டு. கடல் இங்கே வடக்குப் பார்த்தது, அதனால் காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் குத்தாது.

மழைக்குப் பிந்திய காலையில் இங்கே வரச் சொன்னதற்குக் காரணம் வடக்கே தெரியும் மலை. மூட்டம் கழுவிப்போன பிறகு, நீருக்கு அப்பால் நீலமாக ஒரு கூம்பு எழுந்து நிற்கும். குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கோயில்களின் அடித்தளங்கள் தோண்டி எடுக்கப்பட்ட இடம். நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். நீரிணைக்குள் நுழையும் மரக்கலங்களுக்குத் தூரத்திலேயே தெரிந்த அடையாளம் இந்த மலை. 1025ல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த திசையை நினைத்துக்கொண்டு பினாங்கின் கடற்சுவரில் உட்கார்ந்து அதைப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. 10 மணிக்குமேல் வெப்ப மூட்டம் ஏறினால் மலை கரைந்துவிடும். புகைமூட்டக் காலத்தில் நாள் முழுதும் தெரியாது.

இன்று வெள்ளி, அதனால் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் பக்கம் போகவில்லை. ஜும்ஆ நேரத்தில் தெரு நிறைந்துவிடும், பார்வையாளர்களுக்கும் அனுமதி இராது. அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் திடலோரக் கடைகளில் பசெம்போர் சாப்பிடுங்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த சாலட் என்றே சொல்லலாம். வடை, இறால் பொரி, அவித்த முட்டை, தோஃபு, கணவாய் எல்லாம் அடுக்கியிருக்கும். வேண்டியதைத் தட்டில் எடுத்துக் கொடுத்தால் நறுக்கி, வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் துருவிப் போட்டு, சர்க்கரைவள்ளி, மிளகாய், வேர்க்கடலை சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். தவறு நடப்பது எடுக்கும்போதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. கண் பார்த்ததெல்லாம் எடுத்தால் தட்டு மலையாகும், பில்லும் ஏறும். இருவருக்கு ஐந்தாறு துண்டு போதும். கணவாயும் பெரிய இறாலும் எடுப்பதற்குமுன் விலை கேளுங்கள்.

மூன்றாம் நாள், சனி

கடைத்தெரு. வரைபடத்தில் லெபோ பசார். பினாங்குத் தமிழர் வாயில் அது கடைத்தெருதான். இன்று முழுக்க அங்கேயும் அதைச் சுற்றியும்தான், எவ்வளவு நடந்தாலும் 3 கிலோமீட்டரைத் தாண்டாது. ஊரின் மரபுப் பகுதி மொத்தமே 260 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஓட்டமாகப் போனால் அரை நாளில் முடித்துவிடலாம். அப்படி முடித்தவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம்.

முதலில் நடக்கும் முறை. இந்தத் தெருக்களில் கடைவீடுகளின் முகப்பில், மாடிக்கு அடியில், ஒரு மூடு நடைபாதை ஓடும். மலாய்க்காரர் காக்கி லீமா என்பார்கள், நம்மவர்கள் அஞ்சடி. மழைக்கும் வெயிலுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, ஆனால் கண்ணைத் தரையில் வைத்து நடக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தம் தரையைத் தம் வசதிக்கு உயர்த்தியிருப்பார். பக்கத்துக் கடைக்குப் போகும்போது அரை அடி ஏறும், அடுத்ததில் இறங்கும். பூவேலைத் தரைஓடு நனைந்தால் சோப்புபோல வழுக்கும். காலை 9, 10 மணிக்குக் கடை திறக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள், விழுபவர்கள் அப்போதுதான் விழுகிறார்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்தி அடைத்திருந்தால் சாலையில் இறங்க வேண்டிவரும். இறங்குமுன் வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள், ஓரத்து லோங்காங்கின் (சாக்கடையின்) மூடி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தள்ளுவண்டியில் குழந்தையோ சக்கர நாற்காலியோ இருந்தால் அஞ்சடியை நம்பாதீர்கள். அதிகாலையில், வண்டிகள் வருமுன், சாலையிலேயே போவது எளிது.

7.30க்குக் கடைத்தெருவில் இட்லிக் கடைகளும் பூக்கடைகளும்தான் விழித்திருக்கும். மாலை கட்டுகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாழைநார் ஒரு கால் பெருவிரலில் சுற்றியிருக்கும், இரண்டு மல்லிகை இப்படி, இரண்டு அப்படி, நாரை ஒரு சுழற்று, ஓர் இழுப்பு. விரல் பூவைப் பார்ப்பதில்லை, கண் வருகிறவரைப் பார்க்கும். துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எல்லாம் 10க்கு மேல். 11க்கெல்லாம் பாட்டுக் கடைகளின் ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டி போடும். அமைதி தேடி வந்தவர்கள் அதற்குள் இந்தத் தெருவை முடித்துக்கொள்ளலாம். ஆரவாரம் பிடித்தவர்கள் சனி மாலை வாருங்கள்.

கடைத்தெரு வெட்டும் லெபோ பினாங், செட்டியார்களின் தெரு. வட்டித் தொழில் நடந்த கிட்டங்கிகள் இங்கேதான். உள்நோக்கி நீண்டு போகும் கூடம், ஓரமாக ஆளுக்கொரு கைப்பெட்டி, தரையில் உட்கார்ந்து கணக்கு. இந்தத் தெருவிலிருக்கும் கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும். ரதம் காரைக்குடியிலிருந்து 1894ல் வந்தது. அந்த மூன்று நாளில் வருகிறவர்கள் நிம்மதி நடையை மறந்துவிட வேண்டும், அது வேறு அனுபவம். தேங்காய் உடைத்த சாலையில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள், ஓடு குத்தும்.

ஒரு தெரு தள்ளி லெபோ குயினில் மகா மாரியம்மன் கோயில், 1833. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். துறைமுகத்தில் உழைத்தவர்களும் இந்தச் சுற்றுவட்டக் கடைக்காரர்களும் கும்பிட்ட அம்மன். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், 11க்குள் போய்விடுங்கள். கோயிலும் பள்ளிவாசலும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் சீக்கிரம் கழற்றக்கூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். நாடா கட்டிய காலணி ஐந்தாறு முறை கழற்றிக் கட்டினால் பொறுமை போய்விடும். வெயில் ஏறியபின் வெளிமுற்றத்துக் கல் சுடும், பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த இணைத்தெரு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிலிங். வடக்கே 1818ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்து ஊதுவத்திப் புகை அடங்காத குவான் யின் கோயில், தெற்கே வந்தால் 1801ல் தோன்றிய கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல். நிறுவியவர் காதர் முகைதீன், சூலியா மக்களின், அதாவது இங்கே வந்த தமிழ் முஸ்லிம்களின் தலைவர், கப்பித்தான் என்பது அந்தத் தலைமைப் பட்டம். பள்ளிவாசலில் கை கால் மூடும் அங்கி கொடுப்பார்கள், தொழுகை நேரம் தவிர்த்துப் போக வேண்டும். லெபோ சூலியா முனையில் சின்னதாக ஒரு நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் நினைவாகக் கடல் தாண்டி வந்தவர்கள் எழுப்பியது, சுற்றுச்சுவரையே முதுகாக வைத்துக் குட்டிக் கடைகள். பெரிய கட்டடங்களைப் பார்த்த கண்ணுக்கு இது படாமல் போய்விடும். நாகூரை அறிந்த தமிழருக்கு இங்கே நின்று போகத் தோன்றும்.

தேவாலயத்தைப் பற்றி இன்னொன்று. அதன் பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816ல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான், அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, தமிழ் வகுப்பு தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வியின் வயதை நாம் அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறோம். 2016ல் 200 ஆண்டு கொண்டாடினோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருகிறவர்கள் சுவரோவியம் தேடுவதற்குமுன் அவர்களை இந்த வாசலில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

சுவரோவியங்கள். லெபோ ஆர்மேனியனில் மிதிவண்டியில் போகும் இரண்டு குழந்தைகள், 2012ல் எர்னஸ்ட் ஸகரெவிக் வரைந்தது. 10 மணிக்குமேல் போனால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும், வெயிலில். 8 மணிக்குமுன் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லா ஓவியத்தையும் தேடி அலைவது நல்ல நடை இல்லை என்பது என் துணிவான கருத்து. தலை நிமிர்ந்து கடைவீடுகளின் மாடியைப் பாருங்கள். மரச் சன்னல் சட்டங்கள், காற்றுத் துளைகள், மங்கிய சுண்ணாம்பு. இத்தனை வீடு இடிபடாமல் நின்றதற்கு ஒரு காரணம் 1966ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை ஏறாததால் இடித்துக் கட்ட யாருக்கும் ஆதாயம் இல்லை. 1990களின் முடிவில் சட்டம் போனது, வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. இப்போது அழகாகச் சாயம் பூசியிருக்கும் பல வீடுகளில் குடியிருக்கிறவர் யாரும் இல்லை. அது வருத்தமான விஷயம்.

மதியச் சாப்பாடு நாசி கண்டார். வேறெதுவும் இன்று பொருந்தாது, ஏனென்றால் இது இந்தத் துறைமுகத்தின் சோறு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கண்டார் கம்பு வைத்து, ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் கறியுமாகக் காலையில் துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனார்கள். கம்பு போய்விட்டது, பெயர் இருக்கிறது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907லிருந்து நடக்கிறது.

வாங்கும் முறை தெரிந்தால்தான் ருசி. வரிசையில் நில்லுங்கள், உட்கார்ந்து கூப்பிட்டால் வராது. சோறு விழும். பிறகு கறி ஒன்று: கோழி, மீன், ஆடு. காய் ஒன்று, வெண்டைக்காய் பொருத்தம். கடைசியில் குவா, அதாவது குழம்பு. இங்கேதான் வித்தை. பரிமாறுகிறவர் மீன்குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, குருமாவில் அரைக் கரண்டி, மேலே கறுத்த எண்ணெய் மிதக்கும் இன்னொன்றில் ஒரு சொட்டு என்று சோற்றின் நடுவில் விடுவார். நான்கும் ஒன்றோடொன்று கலக்குமுன் ஒரு நொடி தட்டில் நான்கு நிறமாக நிற்கும், பிறகு பழுப்பாகிச் சோற்றுக்குள் இறங்கும். கலந்த இந்தக் குவாதான் நாசி கண்டார், தனித்தனிக் குழம்பு கேட்டால் அது வெறும் கறிச்சோறு. நிறைய வேண்டுமானால் ‘பஞ்சீர்’ என்றால் போதும், வெள்ளமாக ஊற்றுவார்கள். பொட்டலம் கட்டினால் பஞ்சீர் வேண்டாம், ஒழுகும். மீன்முட்டை, கணவாய், பெரிய இறால், இந்த மூன்றுக்கும் எடுக்குமுன் விலை கேளுங்கள். விலைப் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் பிறக்கின்றன. சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் நடக்க முடியாது, அதையும் கணக்கில் வைத்தே மதியம் 1 மணிக்கு வைத்தேன்.

நான்காம் நாள், ஞாயிறு

கால் ஓய்வுக்கு உரிய நாள். பழைய ஊரை விட்டு மேற்கே. ஜாலான் சுல்தான் அகமது ஷாவின் தொடக்கத்தில் பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம். முழுக்கக் கெம்போஜா மரங்கள், தமிழ்நாட்டில் ஈழத்தலரி என்போமே, அது. வளைந்த கிளைகள் கல்லறைகளின்மேல் குடையாகக் கவிந்திருக்கும், வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கும். 1794ல் மலேரியாவில் இறந்த பிரான்சிஸ் லைட் இங்கேதான். நகரத்துக்குள் இவ்வளவு நிழலும் அமைதியும் வேறெங்கும் இல்லை. கொசு உண்டு, முழங்கால் மூடிய உடையும் கொசுத் தைலமும் அவசியம். வேர் புடைத்த தரை, பார்த்து நட.

அங்கிருந்து கர்னி கடற்கரைச் சாலை வரை நடந்தே போகலாம் என்று வரைபடம் சொல்லும். போகாதீர்கள். வண்டி இரைச்சலுள்ள சாலை, கடல் மாளிகைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். பேருந்து ஏறுங்கள். ரேபிட் பினாங்கு ஓட்டுநர் சில்லறை திருப்பித் தருவதில்லை, சரியான காசு கையில் வேண்டும். பழைய ஊருக்குள் மட்டும் சுற்றும் கேட் (CAT) பேருந்து இலவசம், படகுத்துறையிலிருந்து கொம்தார் கோபுரம் வரை போய்த் திரும்பும். இந்த மூன்று நாளில் கால் ஓய்ந்த இடத்திலெல்லாம் அதில் ஏறியிருக்கலாம்.

கர்னி சாலை 1930களில் போட்ட கடற்கரைச் சாலை. 1951ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆணையர் ஹென்றி கர்னியின் பெயரை மறு ஆண்டு வைத்தார்கள். பழைய சுவருக்கு அப்பால் கடலைத் தூர்த்துப் புதிய பூங்கா போட்டிருக்கிறார்கள், 2024ல் முதல் பகுதி திறந்தது. நடைபாதை அகலம், தரை சமம். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் இந்த நான்கு நாளில் ஏற்ற இடம் இது ஒன்றுதான். குறை என்னவென்றால் நட்ட மரங்கள் இன்னும் வளரவில்லை. 9 மணிக்கே நிழல் இல்லை. வந்தால் 7லிருந்து 8.30க்குள், இல்லையென்றால் மாலை 6க்குப் பிறகு, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபின். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், பூங்காவின் நடுவில் வாங்க இடம் தேட வேண்டியிருக்கும்.

எப்போது வருவது என்று கேட்பவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, வெயில் அதிகம், சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் இந்த மாதங்களில் வந்தால் அறை கிடைக்காது. செப்டம்பர், அக்டோபர் அதிக மழை. அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும், காலை நடையைக் கெடுக்காது.

திரும்பும்போது ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். ஞாயிறு மாலை வரிசை நீளும், ஒரு படகைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஏறியதும் இந்த முறை பின்பக்கம் போய் நில்லுங்கள்.